முதல்ல கொப்பியைக் காட்டுங்கோ, பிறகு பேனையைச் சொல்லுறன்: வாசகர் கேள்வி பதில்

போன இதழில ஒருவருக்குப் பதில் எழுதேக்க, இந்தப் பகுதியை நான் முதல்ல மைப்பேனையால கொப்பியில எழுதிப்போட்டுத்தான் பிறகு டைப் பண்ணுறனான் எண்டு ஒரு வரி போட்டிருந்தன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதமும் மெசேஜும் மற்ற எல்லாத்தையும் விடக் கூட. பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, புதுக்கடை எண்டு வந்துகொண்டே இருந்திச்சு, ஒண்டு கோட்டை ஸ்டேஷன்ல ட்ரெயினுக்கு நிண்டுகொண்டு டைப் பண்ணினது. அதால இந்த முறை வேற கேள்வி ஒண்டும் எடுக்கேல்ல, முழுக்கப் பேனைதான்.

கேள்வி (பம்பலப்பிட்டி): அண்ணா, நான் கணக்கியல் படிக்கிறன். காலையில ஒஃபிஸ், பின்னேரம் கிளாஸ், ரெண்டிலயும் நோட்ஸ் எழுதி எழுதி பெருவிரலுக்குக் கீழ சரியா நோகுது. மைப்பேனை பாவிச்சா நோகாது எண்டு ஒரு சிநேகிதி சொன்னா. உண்மையா? உண்மையெண்டா எதை வாங்குறது? கனக்கக் காசு போட ஏலாது.

பதில்: தங்கச்சி, சிநேகிதி சொன்னது பாதி உண்மை, மிச்சப் பாதி உங்கட கையில இருக்கு. போல்பொயின்ட் பேனைக்குள்ள இருக்கிறது எண்ணெய்ப் பசை மாதிரி ஒரு தடிச்ச மை. அது வெளிய வாறதுக்கு முனையில இருக்கிற சின்னக் குண்டு உருள வேணும், குண்டு உருள நீங்கள் தாளில அமத்த வேணும். ஒரு எழுத்துக்குச் சின்ன அமத்தல்தான், ஆனா ஒரு நாளைக்கு இருபது பக்கம் எழுதினா எத்தனை அமத்தல் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. மைப்பேனையில மை தண்ணி. நிப்புக்குக் கீழ கறுப்பா ஒரு துண்டு இருக்குமெல்லோ, அதுக்குப் பேர் ஃபீட், அதில தலைமுடி அளவுக்கு மெல்லிசா வாய்க்கால் வெட்டியிருக்கு, குத்துவிளக்குத் திரியில எண்ணெய் ஏறுற மாதிரி மை அந்த வாய்க்காலால தானா வருது, வெளிய போன மைக்குப் பதிலா காத்து உள்ள போகுது. லூயிஸ் வாட்டர்மன் எண்டவர் 1884ல நியூயோர்க்கில பேட்டன்ட் எடுத்தது இப்பிடி ஒரு ஃபீட்டுக்குத்தான், அதுக்கு முந்தின பேனைகள் ஒண்டில் எழுதாது இல்லாட்டி ஒரேயடியா ஒழுகும். ஆனபடியால் நிப் தாளைத் தொட்டாக் காணும், பேனையின்ட பாரமே போதும்.

ஆனா போல்பொயின்டைப் பிடிச்ச அதே பிடியோட மைப்பேனையையும் இறுக்கிப் பிடிச்சு அமத்தினா கையும் நோகும், நிப்பும் விரியும். ஒரு பக்கம் எழுதிப்போட்டு அந்தத் தாளைத் திருப்பி முதுகுப் பக்கத்தை விரலால தடவிப் பாருங்கோ. எழுத்து புடைச்சுக்கொண்டு விரலுக்குத் தெரிஞ்சா நீங்கள் இன்னும் அமத்துறீங்கள். தடவேக்க ஒண்டுமே தெரியாமல் வழுவழு எண்டு இருக்கவேணும், அது வரைக்கும் மெதுவா எழுதுங்கோ. எனக்கு அந்தப் பழக்கம் மாற ரெண்டு மூண்டு கிழமை எடுத்தது. மாறின பிறகும் நோவு நிக்கேல்ல எண்டா பேனையை விட்டுப்போட்டு டொக்டரிட்டக் காட்டுங்கோ.

இனி எதை வாங்குறது. எல்லாரும் பேனையின்ட பேரைத்தான் முதல்ல கேக்கிறீங்கள், நான் எப்பவும் கொப்பியைத்தான் முதல்ல கேப்பன், அதைப் பற்றி அடுத்த கேள்வியில சொல்லுறன். ரெண்டாவது நிப்பின்ட அளவு. நீங்கள் தமிழிலயும் நோட்ஸ் எடுக்கிறீங்கள் எண்டு எழுதியிருக்கிறீங்கள், அது பெரிய விசயம். எங்கட எழுத்தில சுழி கூட. ஞ, ணை, ஷ, ழு, இதுகளைத் தடிச்ச நிப்பால சின்னதா எழுதிப் பாருங்கோ, உள் வட்டம் எல்லாம் மையால அடைபட்டு ஒரு பொட்டு மாதிரித்தான் தெரியும், பரீட்சைக்கு முதல் நாள் இரவு அதை வாசிக்க ஏலாது. அதால மெல்லிசு நிப்தான் எடுக்கவேணும். இதில ஒரு சிக்கல் இருக்கு. ஜப்பான்காரன் ஃபைன் எண்டு சொல்லுறதும் ஜெர்மன்காரன் ஃபைன் எண்டு சொல்லுறதும் ஒண்டில்ல. ஜப்பான் ஃபைன் அநேகமா ஜெர்மன்காரன்ட எக்ஸ்ட்ரா ஃபைனை விடவும் மெல்லிசு. அவங்கள் எழுதுறது கான்ஜி எண்ட சீன எழுத்து, ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள பத்துப் பதினைஞ்சு கோடு போடவேணும், எங்கட சுழிக்கும் அதே நிப்தான் பொருந்துது.

காசு குறைவா வேணும் எண்டா பிளாட்டினம் கம்பனியின்ட ப்ரெப்பி. முழுக்கப் பிளாஸ்டிக், உள்ளுக்கு இருக்கிற மை வெளிய தெரியும், 02, 03, 05 எண்டு நிப்பின்ட அளவை உடம்பிலயே அடிச்சிருக்கும். உங்களுக்கு 03. மூடிக்குள்ள இன்னொரு குட்டி மூடி ஸ்பிரிங்கோட இருக்கு, அது நிப்பை இறுக்கி மூடுறதால மாசக்கணக்காக் கிடந்தாலும் எடுத்த உடனே எழுதுது, பரீட்சை முடிஞ்சு ரெண்டு மாசம் பேனையைத் தொடாத ஆக்களுக்கு இதைவிட என்ன வேணும். கொஞ்சம் கூடப் போட ஏலும் எண்டா பைலட் மெட்ரோபொலிட்டன், உலோக உடம்பு, 26 கிராம் அளவு பாரம், கையில ஒரு சாமான் இருக்கிற உணர்வு வரும், ஆனா பிடிக்கிற இடம் வழுவழுப்பு, ஏசி இல்லாத பஸ்ஸில இருந்து இறங்கி வியர்வைக் கையோட எழுதினா வழுக்கும். ஜெர்மனியில இருந்து வாற லமி சஃபாரி 1980ல பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு எண்டு செய்தது, 17 கிராம் அளவுதான், பிடிக்கிற இடத்தில மூண்டு பக்கமா வெட்டியிருக்கிறதால விரல் தானாச் சரியான இடத்தில போய் நிக்கும். அந்த வெட்டு உங்கட பிடிக்குப் பொருந்தினாச் சொர்க்கம், பொருந்தேல்ல எண்டா ஒவ்வொரு வரிக்கும் விரல் சண்டை பிடிக்கும். அதால அதைக் கையில பிடிச்சுப் பாக்காமல் ஒன்லைன்ல ஓடர் பண்ணாதேங்கோ. உங்களுக்கு ப்ரெப்பி. அது பழகி ஆறு மாசத்துக்குப் பிறகும் ஆசை இருந்தா மற்றதுகளைப் பாருங்கோ.

கடைக்குப் போகேக்க உங்கட கொப்பியையே கொண்டு போங்கோ. கடைக்காரர் தாற பளபளப்பான அட்டையில எந்தப் பேனையும் நல்லாத்தான் எழுதும்.

கேள்வி (வெள்ளவத்தை): மகள் ஏ/எல் படிக்கிறா. பிறந்தநாளுக்கு ஒரு நல்ல மைப்பேனை வாங்கிக் குடுத்தன். சிஆர் கொப்பியில எழுதினா எழுத்தைச் சுத்தி வேர் விட்ட மாதிரி மை பரவுது, மறுபக்கமும் தெரியுது. கடையில குடுத்து மாத்தவோ?

பதில்: மாத்தாதேங்கோ அக்கா, பேனையில ஒரு பிழையும் இல்ல. கஞ்சி போட்ட பருத்திச் சேலையில தண்ணி ஒரு துளி விழுந்தா கொஞ்ச நேரம் முத்து மாதிரி நிக்கும், கஞ்சி போடாத பழஞ்சேலையில விழுந்த உடனே பரவும். தாளும் அப்பிடித்தான், தாள் செய்யேக்க அதுக்கும் மாப்பசையோ வேற பசையோ ஏத்துறவங்கள், மை நாருக்குள்ள ஓடாமல் மேல நிண்டு காயுறதுக்கு. அந்தப் பசை குறைஞ்ச தாள்தான் உங்கட மகளின்ட கொப்பி. போல்பொயின்டுக்கு அது போதும், மைப்பேனைக்குப் போதாது. தாள் விலையும் எங்களுக்குத் தெரியும்தானே, 2022 மார்ச்சில தாள் இல்லை எண்டு மேல் மாகாணத்தில தவணைப் பரீட்சையையே தள்ளிப் போட்ட நாடு இது, மலிவுக் கொப்பியில கம்பனிக்காரன் எங்கயோ ஒரு இடத்தில மிச்சம் பிடிக்கத்தான் செய்வான்.

பாரம் கூடின தாள், அதுதான் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாள் எத்தனை கிராம் எண்ட கணக்கு) கூடினது, நல்லது எண்டு கனபேர் நினைக்கினம். அது பாதிச் சரி. ஜப்பானில டொமோயே ரிவர் எண்டு ஒரு தாள், வெறும் 52 ஜிஎஸ்எம், வெங்காயச் சருகு மாதிரி, ஆனா மை ஒரு சொட்டும் பரவாது, ஏனெண்டா பசை சரியா ஏத்தியிருக்கு. எங்கட ஃபொட்டோ கொப்பித் தாள் 80 ஜிஎஸ்எம், அது ஒரு பண்டில் நல்லா இருக்கும், அடுத்த பண்டில் உறிஞ்சும். ஆனபடியால் அட்டையில போட்டிருக்கிற நம்பரை நம்பாமல் புறக்கோட்டையில ஒரு டசின் வாங்க முதல் ஒரே ஒரு கொப்பி வாங்கி வீட்டில எழுதிப் பாருங்கோ. எழுதிப் பாக்கிறதையும் ஒரு முறையாச் செய்யுங்கோ. ஒரு நேர்கோடு, ஒரு வட்டம், பிறகு நிப்பை ஒரு இடத்தில வைச்சு ஒண்டு ரெண்டு மூண்டு எண்டு எண்ணுங்கோ. அந்தப் புள்ளி வட்டமா நிண்டா நல்ல தாள், கால் முளைச்சுக்கொண்டு போனா வேண்டாம். ஒரே கொம்பனியின்ட கொப்பியிலயும் கட்டுக்குக் கட்டு வித்தியாசம் இருக்கு, நல்லது கிடைச்சா அந்தக் கடையில அந்தக் கட்டிலேயே மிச்சத்தையும் எடுத்துப் போடுங்கோ.

இப்ப கையில இருக்கிற கொப்பிகளை எறிய வேண்டாம். மகளின்ட பேனையில மீடியம் நிப் எண்டு எழுதியிருக்கிறீங்கள், அதே பேனைக்கு ஃபைன் நிப் தனியாக் கிடைச்சா மாத்துங்கோ. மையையும் மாத்திப் பாருங்கோ. சில மை தாராளமா ஓடும், சிலது அடக்கமா ஓடும். பெலிக்கன் 4001 அடக்கமான வகை, மலிவுத் தாளில பரவல் கண்ணுக்குத் தெரியக் குறையும். இன்னொண்டு, கொழும்புக் காத்தில ஈரம் கூட, கடல் பக்க ஜன்னலுக்குக் கீழ கொப்பி திறந்து கிடந்தா தாள் தொட்டாலே தணுப்பா இருக்கும், அதில மை இன்னும் பரவும். எழுதாத நேரம் மூடி பையுக்குள்ள வைக்கச் சொல்லுங்கோ.

கேள்வி (தெஹிவளை): என்ட அப்பா யாழ்ப்பாணத்தில வாத்தியாரா இருந்தவர். அவர் காலமாகிப் பதினொரு வருஷம். அம்மாவின்ட அலுமாரி ஒதுக்கேக்க அவற்ற பார்க்கர் 51 கிடைச்சது, உள்ளுக்கு மை காஞ்சு கல்லாப் போச்சு. சுடுதண்ணியில போட்டா இளகும் எண்டு ஒருவர் சொன்னார். எனக்குப் பயமா இருக்கு. இனி எழுதுமா?

பதில்: எழுதும். கிட்டத்தட்ட நிச்சயமா எழுதும். சுடுதண்ணி வேண்டவே வேண்டாம், ஸ்பிரிட்டும் வேண்டாம், அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் ரெண்டுக்கும் பழுதாப் போகும். காஞ்ச மை கல்லு மாதிரித் தெரிஞ்சாலும் அது தண்ணியில கரைஞ்ச சாயம்தான், தண்ணிக்குத் திரும்ப இளகும், பொறுமை மட்டும்தான் வேணும்.

முதல்ல பின் உடம்பை மெதுவாத் திருகிக் கழட்டுங்கோ. உள்ளுக்கு ஒரு உலோகக் குழாயும் அதில அமத்துற ஒரு பட்டையும் தெரிஞ்சா உங்களிட்ட இருக்கிறது 1948க்குப் பிறகு வந்த வகை, அதுக்குள்ள இருக்கிற பை ரப்பர் இல்ல, ஒரு வகைப் பிளாஸ்டிக், இண்டைக்கும் கனபேனையில உயிரோட இருக்கு. அப்பிடி இல்லாமல் பேனையின்ட வால் நுனியைத் திருகேக்க அமத்துற ஒரு குமிழ் வெளிய வந்தா அது அதுக்கு முந்தினது, உள்ளுக்கு இருக்கிற ரப்பர் சவ்வு இவ்வளவு காலத்துக்குப் பிறகு உக்கிப் போயிருக்கும், அதை நீங்கள் தொடாமல் பழைய பேனை திருத்துற ஆளிட்டக் குடுங்கோ. ரெண்டிலயும் நிப்பை மூடியிருக்கிற முன் பாகத்தை இழுத்துக் கழட்டப் பாக்காதேங்கோ, அது ஒட்டி வைச்சது.

முதல் வகை எண்டு வைச்சுக்கொண்டு சொல்லுறன். ஒரு கண்ணாடிக் கிளாஸில சாதாரணக் குளிர்ந்த தண்ணி, நிப் முழுக்கத் தாழுற அளவுக்கு. பேனையை அதில நிறுத்தி வைச்சுப்போட்டுப் படுக்கப் போங்கோ. விடியப் பாத்தா நிப்பின்ட நுனியில இருந்து நீல நூல் மாதிரி ஒண்டு கிளாஸின்ட அடிக்கு இறங்கிக்கொண்டிருக்கும், தண்ணியை அசைக்காமல் கொஞ்ச நேரம் பாருங்கோ, அவ்வளவு வடிவு. உங்கட அப்பா கடைசியா நிரப்பின மை அது. பிறகு தண்ணியை மாத்தி, பட்டையை மெல்ல அமத்தி விட்டு, அமத்தி விட்டு, உள்ளுக்குத் தண்ணி எடுத்து வெளிய தள்ளுங்கோ. முதல் நாள் அமத்த ஏலாமல் இறுக்கமா இருந்தாப் பலவந்தம் பண்ண வேண்டாம், அடுத்த நாள் இளகும். மூண்டு நாலு நாள் தண்ணி மாத்த வேண்டி வரலாம். தெளிஞ்ச தண்ணி வெளிய வந்த பிறகு நிப்பைக் கீழ பாத்தபடி டிஷுவில ஒரு இரவு சாத்தி வைச்சு, பிறகு சாதாரண நீல மை நிரப்புங்கோ. பளபளக்கிற மை, மினுமினுப்புத் தூள் போட்ட மை ஒண்டும் இந்தப் பேனைக்குள்ள போகக்கூடாது.

நீங்கள் கேக்கேல்ல, எண்டாலும் சொல்லுறன். பார்க்கர் கம்பனியை 1888ல தொடங்கின ஜோர்ஜ் பார்க்கரும் ஒரு வாத்தியார்தான், அமெரிக்காவில ஜேன்ஸ்வில் எண்ட ஊரில தந்தி அடிக்கப் படிப்பிச்சவர், தன்ட மாணவருக்கு வித்த பேனைகள் ஒழுக ஒழுகத் திருத்திக் குடுத்துத்தான் சொந்தமாப் பேனை செய்யுற யோசனை வந்தது. கம்பனிக்கு 51 வயசான 1939ல உருவாக்கினதால அந்தப் பேர், கடைக்கு வந்தது 1941ல.

எழுதத் தொடங்கேக்க ஒண்டு நடக்கும், அதுக்கு ஆயத்தமா இருங்கோ. நிப்பு அநேகமாத் தங்கம், நுனியில ஒரு கடினமான உலோக மணி ஒட்டியிருக்கு. வருஷக்கணக்கா ஒரே ஆள் எழுதினா அந்த மணி அந்த ஆளின்ட கை சாயுற கோணத்துக்கு மெல்லத் தேயும். உங்கட பிடி வேற, அதால முதல்ல கொஞ்சம் கீறுற மாதிரி இருக்கும். பேனை பழுது எண்டு நினைக்காமல் விரலுக்குள்ள பேனையை நூல் அளவு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டி உருட்டி எழுதிப் பாருங்கோ. ஒரு இடத்தில திடீரெண்டு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். அந்த இடத்திலதான் உங்கட அப்பா பேனையைப் பிடிச்சவர்.

கேள்வி (ஹட்டன், இப்ப கொட்டாஞ்சேனை): அண்ணே, நான் கொழும்புல கடையில வேலை செய்யுறேன், கணக்கு எழுதுறதுக்கு மைப்பேனை வச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் ட்ரெயின்ல ஊருக்குப் போறப்ப மூடிக்குள்ள மை வழிஞ்சு கெடக்கு, சட்டை ரெண்டு போயிருச்சு. கொழும்புல ஒரு நாளும் இப்பிடி ஆனதில்ல. ஏன்?

பதில்: தம்பி, மலை ஏறுறதாலதான். ஹட்டன் கடல் மட்டத்தில இருந்து 1,200 மீற்றருக்கு மேல, அங்க காத்தழுத்தம் கொழும்பை விட ஏறக்குறைய ஏழில ஒரு பங்கு குறைவு. நீங்கள் கோட்டையில ஏறேக்க பேனைக்குள்ள பாதி மை, பாதி காத்து. ட்ரெயின் நாவலப்பிட்டி தாண்டி ஏற ஏற வெளி அழுத்தம் குறையுது, உள்ளுக்கு இருக்கிற காத்து விரியுது, அதுக்கு இடம் வேணும் எண்டு மையை வெளிய தள்ளுது. பிளேன்ல ஏறினாலும் இதேதான்.

வழி லேசு. போக முதல் முழுசா நிரப்புங்கோ, இல்லாட்டி முழுசா வெறுமையாக்குங்கோ. காத்து இல்லாட்டித் தள்ள ஒண்டும் இல்ல, மை இல்லாட்டித் தள்ளுப்பட ஒண்டும் இல்ல. பையில வைக்கேக்க நிப்பு மேல பாத்தபடி இருக்கவேணும், அப்ப விரியுற காத்து மையைத் தள்ளாமல் தானா நிப்பு வழியா வெளிய போயிடும். பேக்குக்குள்ள படுக்கையாப் போடாதேங்கோ. சட்டைக்கு, மை ஈரமா இருக்கேக்கயே ஓடுற தண்ணியில பிடிங்கோ, காய விட்டா அது வேற கதை.

கேள்வி (புதுக்கடை): சேர், நான் ஒரு ஜூனியர் சட்டத்தரணி. கோர்ட்ஸ் நோட்ஸ் எல்லாம் நீல மையிலதான் எழுதுறன். போன மாசம் மழைக்கை ஃபைல் நனைஞ்சு நாலு பக்கம் அப்பிடியே அழிஞ்சு போச்சு. அழியாத மை எது?

பதில்: தம்பி, உங்கட நீலம் கழுவினாப் போற நீலம், பள்ளிக்கூடப் பிள்ளையளுக்கு எண்டு செய்தது. உடுப்புக்கு நல்லது, வழக்குக்குக் கூடாது. காசோலையிலயும் கையெழுத்திலயும் அதைப் பாவிக்கவே வேண்டாம்.

அழியாத மையில ரெண்டு வழி இருக்கு. ஒண்டு பழைய வழி. மாசிக்காய் தெரியும்தானே, வீட்டில கைக்குழந்தைக்கு உரைச்சுக் குடுக்கிற உரைமருந்தில வாறது. அதில துவர்ப்புச் சத்து நிறைய. அதையும் அன்னபேதியையும், அதாவது இரும்பு உப்பையும், சேத்தா எழுதேக்க வெளிறலா இருந்து காத்துப் பட்டுப் பட்டுக் கறுக்கிற மை வரும், தாளின்ட நாருக்குள்ளேயே பிடிச்சிடும். ஐரோப்பாவில நூற்றுக்கணக்கான வருஷம் உறுதிகளும் பதிவேடுகளும் எழுதினது இதாலதான். இண்டைக்கு விக்கிற பெலிக்கன் 4001 புளூ பிளாக் அந்த வகையின்ட மென்மையான பிள்ளை. மழை பட்டா நீலம் போகும், கறுப்புக் கோடு நிக்கும், வாசிக்க ஏலும். மற்றது பிளாட்டினம் கார்பன் பிளாக் மாதிரி நுண்துகள் மை, அது காஞ்சா தண்ணிக்கு அசையவே அசையாது.

ரெண்டுக்கும் ஒரு கடமை இருக்கு, பேனையைச் சும்மா போடக்கூடாது. நாளாந்தம் எழுதவேணும், மூண்டு கிழமைக்கு ஒருக்காக் கழுவவேணும், நீண்ட லீவுக்குப் போறதெண்டா மையை வெளிய எடுத்துப்போட்டுப் போங்கோ. அந்த தெஹிவளைப் பேனையின்ட மை தண்ணிக்கு இளகும், துகள் மை உள்ளுக்குக் காஞ்சா அப்பிடி இளகாது. உங்கட இடத்தில நான் இருந்தா புளூ பிளாக்தான் எடுப்பன், தினமும் கோர்ட்ஸுக்குப் போற பேனைக்கு அது காணும். இன்னொண்டு, படம் கீறுறவை பாவிக்கிற இந்தியன் இங்க் எண்டு ஒரு போத்தல் கடையில பக்கத்திலயே இருக்கும், அதில அரக்கு இருக்கு, ஒரு தரம் நிரப்பினாலே பேனை முடிஞ்சுது. கார்பன் வைச்சு மூண்டு பிரதி எழுதுற ஃபோர்முக்கு மட்டும் பையில ஒரு போல்பொயின்ட் இருக்கட்டும், அங்க அமத்தத்தான் வேணும்.

கேள்வி (மருதானை): நான் இடக்கை. மைப்பேனையால எழுதினா உள்ளங்கை எல்லாம் நீலம். விட்டுவிடவா?

பதில்: விடாதேங்கோ. மெல்லிசு நிப், அடக்கமா ஓடுற மை, ரெண்டும் இருந்தா மை சில செக்கனில காயும். கொப்பியை வலப்பக்கமாச் சாய்ச்சு, கை வரிக்கு மேல வளைஞ்சு வராமல் வரிக்குக் கீழ நிக்கிற மாதிரி வைச்சுப் பழகுங்கோ, எழுதின எழுத்தைக் கை தொடவே தொடாது. நான் ஒரு இடக்கைக்கார ஆசிரியை கரும்பலகையில எழுதுற மாதிரியே கொப்பியிலயும் எழுதுறதைப் பாத்தனான், ஒரு பொட்டு நீலம் கையில இல்ல.

கேள்வி (கொள்ளுப்பிட்டி): வங்கியில நிக்கேக்க யாராவது பேனை கேட்டா மைப்பேனையைக் குடுக்கலாமா? மற்றவை எழுதினா நிப் அவையின்ட கைக்கு மாறிடும் எண்டு சொல்லுவினமே?

பதில்: ஒரு கையெழுத்துக்கு நிப் மாறாது, தேயுறதுக்கு வருஷங்கள் வேணும். பயம் வேற. போல்பொயின்ட் பழகின ஆள் நிப்பைத் தலைகீழாப் பிடிச்சு எழுதேல்ல எண்டு அமத்துவார், ரெண்டு பல்லும் விரிஞ்சுபோகும். குடுக்கிறதுக்கு எண்டு ஒரு போல்பொயின்ட் வைச்சிருங்கோ, முகம் சுளிக்காமல் அதைக் குடுங்கோ.

கேள்வி (கிராண்ட்பாஸ்): பக்கத்தின்ட மேல்பாதியில நல்லா எழுதுற பேனை கீழ்ப்பாதிக்கு வந்தா எழுத்து விட்டு விட்டு விழுது. நிப்பில பழுதோ?

பதில்: இல்ல, உங்கட கையின்ட வியர்வையும் எண்ணெயும். மேல்பாதி எழுதேக்க கை கீழ்ப்பாதியில கிடந்து தாளுக்கு எண்ணெய் பூசுது, தண்ணி மை எண்ணெயில பிடிக்காது. தலைக்கு எண்ணெய் தேய்ச்ச கையோட எழுத இருந்தாச் சொல்லவே வேண்டாம். கைக்குக் கீழ ஒரு கடதாசித் துண்டு வைச்சு, வரி இறங்க இறங்க அதையும் இறக்குங்கோ. புதுப்பேனை எண்டா முதல் நாளே இளஞ்சூட்டுத் தண்ணியில ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவுற சோப் விட்டு நிப்பை அலசி, பிறகு நல்ல தண்ணியில அலசுங்கோ, செய்யேக்க ஒட்டின எண்ணெய் உள்ளுக்கு இருக்கும்.

கேள்வி (மட்டக்குளி): ஒரு போத்தல் மை எவ்வளவு காலம் வைச்சிருக்கலாம்? என்டதில ஏதோ வெள்ளையா மிதக்குது.

பதில்: மூடி இறுக்கி, வெயில் படாத அலுமாரியில இருந்தா வருஷக்கணக்கா இருக்கும். 50 மில்லிலீற்றர் போத்தல் எண்டா ஒரு மில்லிலீற்றர் பிடிக்கிற பேனையை ஐம்பது தரம் நிரப்பலாம், நாளுக்கு நாலைஞ்சு பக்கம் எழுதுறவருக்கும் மாசக்கணக்காக் காணும். ஆனா உங்கடதில மிதக்கிறது பூஞ்சணம். மோந்து பாருங்கோ, ஈரத்துணி மணம் அடிச்சா நிச்சயம். வடிச்சுப் பாவிக்க நினைக்க வேண்டாம், போத்தலோட எறியுங்கோ, அந்த மை போன பேனையையும் ரெண்டு நாள் தண்ணி மாத்தி மாத்திக் கழுவுங்கோ. புதுப் போத்தல் வாங்கினா பேனையை அதுக்குள்ள நேரா முக்காமல், சின்ன மருந்துப் போத்தல் ஒண்டைக் கழுவிக் காய வைச்சு அதில கொஞ்சம் ஊத்தி அதில இருந்து நிரப்புங்கோ. அப்ப பூஞ்சணம் பிடிச்சாலும் அந்தச் சின்னப் போத்தலோட போயிடும்.